பேரேட்டில் ஒரு கணம்

(பினாங்கு, சூலியா தெருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "கணம்னு போட்டிருக்கே, நொடிப்பொழுதைப் பத்தியா, பூதகணத்தைப் பத்தியா?" என்று கேட்டார். பூதகணம்தான் கிட்டத்தில் வருகிறது என்றேன். கூட்டம் என்ற பொருளில் வரும் கணம் அது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதையே கணிதத்துக்கு எடுத்துக்கொண்டன. இலங்கைத் தமிழர் தொடை என்பார்கள். பூ தொடுப்பதுபோல் தொடுத்து வைத்தது. நம் ஊர் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வெறும் 'செட்'. மூன்றில் எனக்குப் பிடித்தது தொடைதான். ஆனால் வாய்க்குப் பழகியது கணம் என்பதால் அதையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இன்னொரு சொல் தகராறும் உண்டு. 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போவது இயல் எண்கள். முன்னால் ஒரு சுழியைச் சேர்த்தால் முழு எண்கள். குறை எண்களையும் சேர்த்தால் முழுக்கள். முழு எண்கள், முழுக்கள்! பரீட்சை நேரத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் குற்றம் பிள்ளையுடையது அல்ல. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம்.

இந்த மூன்றையும் விளக்கப் பாடநூலில் ஒரு படம் இருக்கும். சின்ன வட்டத்துக்குள் இயல் எண்கள், அதைச் சுற்றி முழு எண்கள், அதையும் சுற்றி முழுக்கள். முப்பது ஆண்டு நானும் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பெரிய வேலையை அது மூடி மறைத்துவிடுகிறது. அந்த வேலையை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் அல்ல, இந்தத் தெருவில். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் சின்ன வட்டம். மூன்று என்றால் என்ன? மூன்று மாம்பழம் தெரியும், மூன்று வெள்ளி தெரியும். பழமும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல் வெறும் மூன்றைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிலரை இந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. பிரேகே 1884-ல், டெடெகிண்ட் 1888-ல், பியானோ 1889-ல் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். 1902-ல் ரஸ்ஸல் எழுதிய ஒரு கடிதம் பிரேகே கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டது. அந்தக் கதை தனியாக ஒரு மாலைக்கு ஆகும். நமக்கு வேண்டியது 1923-ல் வான் நியூமன் என்ற ஹங்கேரிய இளைஞர் சொன்ன வழி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

அதைப் பொட்டலம் கட்டிக் காட்டலாம். என் சிறு வயதில் இந்தத் தெருவின் மளிகைக் கடைகளில் பழைய 'தமிழ் நேசன்' தாளில்தான் மிளகும் சீரகமும் மடித்துத் தருவார்கள். ஒரு தாளை எடுத்து, உள்ளே எதுவும் வைக்காமல் மடியுங்கள். அந்த வெறும் பொட்டலம்தான் சுழி. கணிதத்தில் வெற்றுக் கணம். அதுபோல ஒன்றை இன்னொரு தாளில் வைத்து மடித்தால் உள்ளே ஒரு பொருள் இருக்கிறது. அது ஒன்று. இனி சுழிப் பொட்டலத்தையும் ஒன்றுப் பொட்டலத்தையும் சேர்த்து ஒரு தாளில் கட்டினால் இரண்டு. சுழி, ஒன்று, இரண்டு மூன்றையும் சேர்த்துக் கட்டினால் மூன்று. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னால் பிறந்த அத்தனை பேரையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கும். மூன்று என்ற பொட்டலத்தைப் பிரித்தால் சரியாக மூன்று உருப்படி. 'சிறியது' என்பதற்குத் தனி விளக்கமும் வேண்டாம். உள்ளே இருப்பது சிறியது, அவ்வளவுதான்.

எத்தனை தாள் செலவாகும் என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுழிக்கு 1, ஒன்றுக்கு 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8. பத்தைக் கட்ட 1024 தாள் வேண்டும். "சார், இருபதைக் கட்டினா நேசன் ஆபீசையே வாங்கணும்" என்றாள். இருபதுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அவள் சொன்னது மிகையில்லை.

கவனியுங்கள், இந்த வழியில் எல்லாம் சுழியிலிருந்துதான் பிறக்கிறது. நம் பழைய தமிழ் எண்முறை அப்படி இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்ததால் இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள். இடத்தை நிரப்ப ஒரு சுழி தேவைப்படவே இல்லை. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகப் பின்னம் பார்த்தவர்கள், எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள், சுழிக்குக் குறி இல்லாமலே வயலையும் நெல்லையும் அளந்து முடித்தார்கள். கணினிக்கான யூனிகோடு தரத்தில் தமிழ்ச் சுழிக்கு இடம் கிடைத்ததே 2005-ல்தான். ஆனால் நம் கண்ணுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் சுமாத்திராவில், 680-களில் வெட்டிய ஸ்ரீவிஜயக் கல்வெட்டுகளின் சக ஆண்டு எண்ணில் சுழி இருக்கிறது. கம்போடியாவின் சம்போர் கல்வெட்டிலும் சக ஆண்டு 605 என்று, அதாவது கி.பி. 683-க்கு, சுழியோடு செதுக்கியிருக்கிறார்கள். குவாலியர் கோயில் சுவரில் 876-ல் பொறித்த புகழ்பெற்ற சுழிக்கு இவை மூத்தவை. நம் வட்டாரத்துப் பெருமை என்பதால் சொல்லிவைத்தேன். மேலே போவோம்.

குறை எண்கள் என்று வந்தால் பொட்டலம் கை கொடுக்காது. எதுவும் இல்லாத பொட்டலத்தைக் காட்டலாம். எதுவும் இல்லாததைவிடக் குறைவான பொட்டலத்தை எப்படிக் காட்டுவது?

நமக்கு மட்டும் வந்த திகைப்பு இல்லை இது. 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்களும் ராவுத்தர்களும் இங்கே கடை போட்டுவிட்டார்கள். தெருவுக்கே அவர்கள் பெயர் வந்தது. 1801-ல் கப்பித்தான் பள்ளிவாசலுக்கு அடித்தளம் போட்டார்கள். சரக்கும் கடனும் கப்பலேறி நாகூருக்கும் இங்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அதே காலத்தில், 1796-ல், இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரெண்ட் என்ற கேம்பிரிட்ஜ் கணிதர் ஓர் இயற்கணித நூல் எழுதினார். அதில் குறை எண்ணுக்கே இடமில்லை. சிறியதிலிருந்து பெரியதைக் கழிப்பது அர்த்தமற்ற பேச்சு என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே 1758-ல் பிரான்சிஸ் மசேரெஸ் கழித்தல் குறியின் மேல் வழக்குத் தொடுப்பதுபோல் ஒரு நூல் எழுதியிருந்தார். இந்தத் தெருவில் கடனுக்குத் துணி கொடுத்துவிட்டு வசூலுக்கு அலைந்த எந்த வியாபாரியும் அவர்களுக்கு ஒரு பாடம் எடுத்திருக்கலாம்.

ஃபிரெண்டின் மருமகன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். கணங்கள் பாடத்தில் டி மார்கன் விதிகள் படித்திருப்பீர்கள். அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில், 1806-ல். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பின்னாளில் அவர் மணந்தது ஃபிரெண்டின் மகளை. 1831-ல் எழுதிய நூலில் டி மார்கன் ஒரு கணக்குப் போடுகிறார்: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29, தந்தையின் வயது மகன் வயதைப்போல் இரு மடங்காவது எப்போது? விடை −2 ஆண்டு என்று வருகிறது. அப்படி வந்தால் கேள்வியை மாற்று என்கிறார் டி மார்கன். 'ஆகும்' என்று கேட்காதே, 'ஆனது' என்று கேள், இரண்டு ஆண்டுக்கு முன் என்று விடை வரும். மாமனாரைவிட மருமகன் ஒரு படி இறங்கி வந்தார், ஆனால் முழுதாக இறங்கவில்லை. இத்தனைக்கும் பிரம்மகுப்தர் 628-லேயே தனம், ரிணம் என்று இரண்டு பெயர் வைத்து, அதாவது சொத்து, கடன் என்று பிரித்து, கூட்டவும் பெருக்கவும் விதி எழுதி முடித்துவிட்டார். கடன் என்ற அனுபவம் இல்லாமல் குறை எண் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது நான் பார்த்த காட்சிக்கு வருகிறேன். என் தகப்பனார் இந்தத் தெருவில் ஒரு ராவுத்தர் கடையில் கிராணி, கணக்கு எழுதுபவர். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய் மேசைக்கடியில் உட்கார்ந்துவிடுவேன். பேரேடு நீளமான புத்தகம், சிவப்புத் துணி அட்டை. ஆள் ஒருவருக்கு ஒரு பக்கம். இடது பாதியில் வரவு, வலது பாதியில் பற்று. சாமான் எடுத்தால் பற்றில் ஏறும், பணம் கட்டினால் வரவில் ஏறும். கழித்தல் குறி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது.

வாடிக்கைக்காரர் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும், அந்தச் சின்ன 555 நோட்டு. ஒரு நாள் ஒருவர் நோட்டோடு வந்து நின்றார். கடைப் பேரேட்டில் அவர் பக்கத்தில் வரவு 140 வெள்ளி, பற்று 165. அவர் நோட்டிலோ வரவு 52, பற்று 77. எண்கள் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. முந்தின நோட்டு தொலைந்துபோனதால் இடையில் புதுசு தொடங்கியதாகச் சொன்னார்.

ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வா. நம்ம வரவையும் இவர் பற்றையும் கூட்டு." கூட்டினேன், 217. "இப்ப நம்ம பற்றையும் இவர் வரவையும் கூட்டு." அதுவும் 217. "கிராணியாரே, கணக்கு ஒண்ணுதான். டீ சொல்லுங்க" என்றார். நோட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழித்துப் பார்த்திருந்தால் இரண்டிலும் பாக்கி 25 என்று வந்திருக்குமே, ஏன் குறுக்கே கூட்டச் சொன்னார் என்று அப்பாவைக் கேட்டேன். "கழிக்கிறதுல கை தவறும், கூட்டுறதுல தவறாதுன்னு அவர் நம்பறார்" என்றார் அப்பா.

பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில், முழுக்களைக் கணமாகக் கட்டும் பாடம் வந்தது. ஆசிரியர் பலகையில் எழுதிய முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு டீ வாசனை வந்தது. வரிசைச் சோடிகள் இரண்டு. முதல் சோடியின் முன்னதையும் இரண்டாவதின் பின்னதையும் கூட்டு. முதல் சோடியின் பின்னதையும் இரண்டாவதின் முன்னதையும் கூட்டு. இரண்டு கூட்டுத்தொகையும் சமமானால் சோடிகள் சமானம். (140, 165), (52, 77) என்று எழுதிப் பாருங்கள். ராவுத்தர் சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான்.

பாடநூல் குறுக்கே கூட்டுவதற்குக் காரணம் வேறு. முழுக்களைக் கட்டும் நேரத்தில் கையில் இருப்பவை முழு எண்கள் மட்டும். அங்கே 52-லிருந்து 77-ஐக் கழிக்க வழியில்லை. கழிக்க வழி செய்வதற்காகத்தான் இந்தப் பாடே. இன்னும் பிறக்காத கழித்தலை வைத்துக் கழித்தலுக்கு விளக்கம் சொல்ல முடியுமா? கூட்டல் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்தே காரியத்தை முடித்துவிடலாம்.

இனிமேல்தான் கணம் வருகிறது. (52, 77)-க்குச் சமானமான சோடிகள் எத்தனை? (0, 25), (1, 26), (2, 27), (140, 165) என்று முடிவே இல்லை. 25 வெள்ளி பாக்கி நிற்கிற எல்லாப் பேரேட்டுப் பக்கங்களும், எழுதியதும் எழுதப்போவதும், ஒரே கட்டாகக் கட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுக்குத்தான் −25 என்று பெயர். அது ஒரு தனிப் பொருள் அல்ல. முடிவில்லாத ஒரு கணம். 'எதுவும் இல்லாததைவிடக் குறைவானது' என்று எதையும் தேடி அலைய வேண்டாம். ஃபிரெண்டின் சங்கடம் அதோடு தீர்ந்தது.

மற்றக் காரியங்களும் கடையில் நடக்கிறபடியே நடக்கும். கூட்ட வேண்டுமா? வரவோடு வரவு, பற்றோடு பற்று. எந்த நோட்டை எடுத்துக் கூட்டினாலும் விடை ஒரே கட்டில்தான் போய் விழும். அதைச் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்தால் சரியாக வரும். குறியை மாற்ற வேண்டுமா? பக்கங்களை மாற்றிப் போட்டால் போதும். என் பேரேட்டில் உனக்குப் பற்றாக இருப்பது உன் பேரேட்டில் எனக்கு வரவு. கழித்தல் என்பது எதிராளி புத்தகத்தைக் கூட்டுவது, வேறில்லை.

பெருக்கலில்தான் எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது என்று இடைநிலைப் பள்ளியில் கேட்டேன். "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று பதில் வந்தது. கேட்டதற்கு ஒரு வாரம் பின்வரிசையில் உட்காரவும் வைத்தார்கள். விதி இதுதான்: வரவை வரவாலும் பற்றைப் பற்றாலும் பெருக்கிக் கூட்டினால் விடையின் வரவு, குறுக்கே பெருக்கிக் கூட்டினால் விடையின் பற்று. (0, 3), (0, 4) இரண்டையும் பெருக்குங்கள். வரவு 0 + 12. பற்று 0 + 0. விடை (12, 0), அதாவது மிகை 12. கடைக்காரர் பாஷையில் சொன்னால், மாதம் 4 வெள்ளி கட்டவேண்டியவருக்கு மூன்று மாதத் தவணையை முதலாளி தள்ளுபடி செய்தால் 12 வெள்ளி கையில் வந்த மாதிரி. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

பேரேட்டுக்கும் இந்தக் கட்டுமானத்துக்கும் உள்ள உறவு என் சொந்தக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். இரட்டைப் பதிவுக் கணக்கை 1494-ல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பச்சோலி ஒரு கணித ஆசிரியர். ஆர்தர் கேலி, 19-ம் நூற்றாண்டின் பெரிய இயற்கணிதர், 1894-ல் இரட்டைப் பதிவைப் பற்றியே சிறு நூல் எழுதினார். டேவிட் எல்லர்மன் என்பவர் 1985-ல் ஒரு கட்டுரையில் வரவு-பற்றுச் சோடிகளின் அமைப்புக்குப் 'பச்சோலி குலம்' (Pacioli group) என்றே பெயர் வைத்தார். பக்கத்துப் பினாங்கு தெருவின் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்ட நகரத்தார்களை அந்த நூல்களும் கட்டுரையும் சொல்லவில்லை. அவர்கள் எழுதியது வேறு மொழி, வைத்திருந்தது பூட்டிய பெட்டியில்.

இப்போது பாடநூல் வட்டத்துக்குத் திரும்புவோம். நாம் கட்டிய கணக்குப்படி முழு எண் 3 என்பது ஒரு பொட்டலம். சுழி, ஒன்று, இரண்டு உள்ளே இருக்கிறது. முழுக்களில் இருக்கும் +3 ஒரு கட்டு. (3, 0), (4, 1), (103, 100) எல்லாம் உள்ளே இருக்கிறது. இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. அப்படியானால் சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள் எப்படிப் போனது?

கல்லாவில் கிடக்கிற மூன்று வெள்ளியும், பேரேட்டில் என் பெயரில் நிற்கிற மூன்று வெள்ளி வரவும் ஒன்றல்ல. முதலாவதை எடுத்துச் சட்டைப் பையில் போடலாம். இரண்டாவது ராவுத்தர் எனக்குத் தரவேண்டியது. ஆனால் கூட்டினாலும் பெருக்கினாலும் பெரிது சிறிது பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறோம். வட்டத்துக்குள் வட்டம் என்பது அந்த ஒப்பந்தம். படத்தை வரையும்போது ஒப்பந்தத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாமே என்பதுதான் என் குறை.

இங்கே ஒரு குசும்பான கேள்வி எழும். 1965-ல் பால் பெனாசெராஃப் என்ற தத்துவப் பேராசிரியர் எழுப்பியது. வான் நியூமனுக்கு முன்பு 1908-ல் செர்மெலோ வேறு விதமாகக் கட்டினார். அவர் பொட்டலத்துக்குள் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: இரண்டுக்குள் ஒன்று, மூன்றுக்குள் இரண்டு மட்டும். அந்த வழியில் மூன்றுக்குள் ஒன்று நேரடியாக இல்லை; வான் நியூமன் வழியில் இருக்கிறது. இரண்டிலும் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாகவே வரும். எது உண்மையான மூன்று? இரண்டுமே இல்லை, எண்கள் கணங்களே அல்ல என்றார் பெனாசெராஃப். எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. பேரேட்டைத் தமிழில் எழுதினாலும் ஜாவியில் எழுதினாலும் பாக்கி 25-தான். ஆனால் ஏதோ ஓர் எழுத்தில் எழுதித்தானே ஆகவேண்டும்? கணம் அந்த எழுத்து.

வட்டப் படம் இன்னொரு மயக்கமும் தரும். முழுக்கள் இரண்டு பக்கமும் நீள்வதால் முழு எண்களைவிட இரு மடங்கு இருக்கும் என்று தோன்றும். கணக் கோட்பாட்டைத் தொடங்கிய காண்டர் சொன்னபடி அப்படி இல்லை. தெருவில் ஒரு சிறகுக்கு ஒற்றைப்படை, எதிர்ச் சிறகுக்கு இரட்டைப்படை என்று வீட்டெண் போடுவதுபோல, கடன்களுக்கு ஒற்றை எண்ணும் சுழிக்கும் மற்ற வரவுகளுக்கும் இரட்டை எண்ணும் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடும், யாரும் மிஞ்சமாட்டார்கள்.

கடைசியாக அந்தத் தொலைந்த நோட்டு. 140-க்கும் 52-க்கும் வித்தியாசம் 88. 165-க்கும் 77-க்கும் வித்தியாசம் 88. அப்படியானால் தொலைந்த நோட்டில் வரவு 88, பற்று 88. எடுத்ததை எல்லாம் கட்டித் தீர்த்துவிட்டு ஒரு மனிதர் வைத்திருந்த நோட்டு அது. முழுக்களின் கணக்கில் (88, 88) இருக்கிற கட்டில்தான் (0, 0)-வும் இருக்கிறது. (0, 0) என்பது கடைப்பக்கமே எட்டிப் பார்க்காதவர் நோட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர், சுழி. அதனால்தான் அந்த நோட்டு தொலைந்தும் கணக்குக் கெடவில்லை.

கடை மூடியபோது பழைய பேரேடு ஒன்றை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்தார். அந்த மனிதரின் பக்கத்தில் கடைசிக் கூட்டல் வரவு 2,318, பற்று 2,318. கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அப்பா அந்தப் பக்கத்தைக் காட்டி, "இவர்தான்டா உன் குறுக்குக் கணக்கு ஆள்" என்றார்.